கவச வேடத்துக்குக் கையுறை: தோட்டப்புறத்திலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் ஸ்டார் வார்ஸ் படங்களின் கவச வேடம் கட்டத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பவற்றைத் திரட்டி எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை வெள்ளைக் கவச வீரன், அதாவது ஸ்டோர்ம்ட்ரூப்பர் வேடத்தைப் பற்றியவை. மற்ற கவச வேடங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். திரையில் பார்த்ததை அப்படியே உடுத்த வேண்டும் என்று மெனக்கெடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் முடிந்த பிறகு கையுறையைப் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முன்கைக் கவசத்தை வெட்டி ஒட்டுவதற்கு முன்பே கையுறை உங்கள் கையில் இருக்க வேண்டும். கையுறை தடிமனாக இருந்தால் முன்கைக் கவசத்தின் மணிக்கட்டு வாய் வழியாகக் கை நுழையாது. புறங்கையில் வரும் வெள்ளைத் தகட்டின் அளவும் கையுறையைப் பொறுத்துத்தான் அமையும். கையுறை குட்டையாக இருந்தால், துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் தோல் தெரிந்துவிடும். கவசம் எவ்வளவு அழகாக இருந்தாலும் புகைப்படத்தில் அந்த இரண்டு விரல்கடைத் தோல்தான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேடத்தில் மற்றவர்கள் தொடுகிற இடம் கை ஒன்றுதான். குழந்தைகள் வந்து பிடிப்பதும் பெரியவர்கள் குலுக்குவதும் அந்தக் கையைத்தான். அதைக் கடைசியில் மிஞ்சிய காசில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படத்தில் உண்மையிலேயே என்ன கையுறை போட்டிருந்தார்கள்?

1977-இல் வந்த முதல் படத்தின் வெள்ளை வீரர்களுக்குக் கறுப்பு ரப்பர் கையுறை. அதன் புறங்கையில் லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பாலில் வார்த்த வெள்ளைத் தகடு. கவசமோ பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைத்தது. அந்தப் படத்தின் உடைகளுக்காக ஜான் மோலோவுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. இன்று நாம் பெரிதாகப் பார்க்கும் அந்தக் கைகளில் இருந்தது தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் போடும் வகை ரப்பர் கையுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்டது 1877-இல். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. சரியாக நூறு வருடம் கழித்து வந்த படத்தில் அந்த இன மரத்தின் பால் புறங்கைத் தகடாக நிற்கிறது. இந்த வேடத்தை நாம் கட்டுவதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

மற்ற வேடங்களுக்கு வேறு கணக்கு. கறுப்புக் கவச வில்லன் டார்த் வேடருக்கு நீளமான கறுப்புத் தோல் கையுறை. 2019-இல் தொடங்கிய மண்டலோரியன் தொடரின் நாயகனுக்குப் பழுப்புக் கையுறை, விரல் நுனிகளில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. எந்தப் படம், எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

நிறத்தையும் வடிவத்தையும் எந்தப் படத்தை வைத்துச் சரிபார்ப்பது?

விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம். விளம்பரத்துக்கென்று எடுத்த படங்களில் உடை சில சமயம் வேறாக இருக்கும். திரைப்படத்தையே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெளிச்சத்தில் ஒரு காட்சி, நிழலில் ஒரு காட்சி என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கண்காட்சியில் வைத்த அசல் உடையின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய ரப்பரும் பழைய தோலும் நிறம் மாறியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

501-ஆம் படையில் சேர வேண்டும். அங்கே கையுறைக்கு என்ன விதி?

501-ஆம் படை 1997-இல் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய தன்னார்வ அமைப்பு. ஸ்டார் வார்ஸ் தீயவர் பக்கத்து வேடங்களைத் துல்லியமாகக் கட்டி, மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போகிறவர்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி உடை விவரப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் படங்களை அதனோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார்கள். வெள்ளை வீரனுக்குக் கையுறை கறுப்பாக இருக்க வேண்டும், கம்பெனிப் பெயரோ சின்னமோ வெளியே தெரியக் கூடாது. எந்தப் படத்து வீரன் என்பதைப் பொறுத்துத் தகட்டின் வடிவம் மாறும். பட்டியலை அவ்வப்போது திருத்துகிறார்கள், அதனால் நண்பர் போன வருடம் சொன்னதை வைத்து வாங்காமல், வாங்குகிற அன்று பட்டியலைத் திறந்து படியுங்கள்.

ரப்பர், நைட்ரைல், தோல், போலித் தோல். எதை எடுப்பது?

1977 வீரனுக்கு என் தேர்வு இயற்கை ரப்பர் அல்லது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். அந்த மங்கலான பளபளப்பும், விரல் மடக்கும்போது விழும் மொத்தமான மடிப்பும் வேறு எதிலும் வராது. இயற்கை ரப்பர் மென்மையாக வளையும், லேட்டக்ஸ் தகடும் அதில் நன்றாக ஒட்டும். அதற்கு எதிரிகள் எண்ணெய், வெயில், ஓசோன். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் எடுத்தாலே போதும், நாளடைவில் அந்த இடம் ஊதித் தளர்ந்துபோகும். நியோப்ரீன் எண்ணெயையும் வெயிலையும் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

நைட்ரைலும் ஒரு செயற்கை ரப்பர்தான். அது எண்ணெய்க்கு அசையாது, எளிதில் கிடைக்கும். ஆனால் கடையில் அதிகம் இருப்பது உள்ளங்கையில் மட்டும் நைட்ரைல் பூசி, புறங்கையைப் பின்னல் துணியாக விட்டவை. தூரத்தில் சரியாகத் தெரியும், கிட்டப் போனால் துணி தெரியும். முழுக்கப் பூசியதாகத் தேடுங்கள்.

தோல் கையுறை டார்த் வேடருக்கும் மண்டலோரியனுக்கும் சரி. ஆட்டுத் தோல் மெல்லியது, கையோடு ஒட்டி நிற்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதுதான் கவலை.

போலித் தோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தை வீணாக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வீணாக்குகிறார்கள். பாலியுரெத்தேன் பூசிய போலித் தோல் காற்றில் இருக்கும் ஈரத்தாலேயே சிதையும். பூச்சின் மூலக்கூறுகளை நீர் மெதுவாக அறுக்கிறது. நீங்கள் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் அது நடந்துகொண்டே இருக்கும். பழைய ஹேண்ட்பேக்கின் கைப்பிடி கறுப்புச் செதிலாக உதிர்ந்து உடையில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் கையுறையிலும் நடக்கும், முதலில் விரல் இடுக்குகளில் தொடங்கும். வெள்ளைக் கவசத்தின் மேல் அந்தச் செதில் விழுந்தால் துடைக்கத் துடைக்கத் தீற்றலாகப் பரவும். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு என்றால் வாங்குங்கள். வருடக் கணக்கில் உடுத்தும் வேடத்துக்கு வேண்டாம்.

நம் சிறு பட்டணத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

ஹார்டுவேர் கடையில் தொடங்குங்கள். பக்கத்திலேயே உரம், பூச்சிமருந்து விற்கும் விவசாயக் கடை இருக்கும். தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கான முழங்கை வரை வரும் கறுப்பு ரப்பர் கையுறை அங்கே தொங்கும். 1977 வீரனுக்கு அதைவிடக் கிட்டத்தில் வரும் பொருளை நான் பெரிய பட்டணத்திலும் பார்த்ததில்லை. நீளத்தை வெட்டிக்கொள்ளலாம். உலகத்தில் ரப்பர் கையுறை செய்வதில் முன்னணியில் இருக்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதற்கு முன், கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

தோலுக்கு, பழைய துணி விற்கும் பண்டல் கடை. ஜப்பானிலிருந்து வரும் பழைய குளிர்காலத் துணிமூட்டைகளில் நல்ல தோல் கையுறைகள் வரும். விரல் தையலை இழுத்துப் பாருங்கள், உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் விட்டுவிடுங்கள், அது போகாது. மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கணுக்களில் பிளாஸ்டிக் காப்பும் பெரிய எழுத்தும் இருக்கும். அவை இந்த வேடத்துக்கு உதவாது.

அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தபோது போட்ட கையுறை வீட்டில் இருக்கிறது. கழுவிப் போட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கழுவினால் மேலே இருப்பது போகும், ரப்பருக்குள் ஊறியது போகாது. உள்ளே வியர்த்து ஊறிய கையும் சூடும் சேர்ந்தால் தோல் வழியாக மருந்து உடம்புக்குள் இறங்குவது இன்னும் எளிது. நம் தோட்டங்களில் பல காலம் அடித்த பாராகுவாட் மிகக் கொடிய விஷம். மலேசியா அதை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அதற்கு முன்பிருந்தே கிடக்கும் கையுறையில் என்ன ஊறியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தையின் கையைப் பிடிக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே கடையில் புதிதாக ஒரு ஜோடி வாங்குங்கள், பெரிய விலை இல்லை.

அளவு எப்படிப் பார்ப்பது?

கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் கணுக்களைச் சுற்றித் தையல் நாடாவால் அளங்கள். எத்தனை அங்குலமோ அதுதான் அளவு எண். 203 மில்லிமீட்டர் என்றால் 8 அங்குலம், 8-ஆம் அளவு. 229 என்றால் 9. நீளத்துக்கு மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளங்கள். 8-ஆம் அளவுக்கு 182 மில்லிமீட்டர், 9-ஆம் அளவுக்கு 192 என்பது ஐரோப்பியத் தரக் கணக்கு.

உள்ளே பருத்தி உறை போடுவதாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே அளங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் ரப்பரில் சிறியதை எடுங்கள், அது இழுத்துக் கொடுக்கும். பெரியதை எடுத்தால் விரல் நுனியில் காலி ரப்பர் தொங்கும், கேமராவில் அது அசிங்கமாகத் தெரியும். மெல்லிய கை உள்ள தங்கைகளுக்கு 7-ஆம் அளவு கடைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

கையுறையில் கம்பெனி எழுத்து அச்சடித்திருக்கிறது. எப்படி எடுப்பது?

இயற்கை ரப்பர் என்றால் அசிட்டோனைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம், ரப்பர் தாங்கும். நைட்ரைலில் அசிட்டோன் படக் கூடாது, வீங்கிப் பிசுபிசுத்துவிடும். அதற்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். எதுவாக இருந்தாலும் மணிக்கட்டின் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகு மேலே கை வையுங்கள். எழுத்து அச்சாக இல்லாமல் ரப்பரிலேயே புடைத்து நின்றால், அது புறங்கைத் தகட்டுக்கு அடியில் மறைகிறதா என்று பாருங்கள். மறையாவிட்டால் வேறு கையுறை எடுப்பதே நல்லது.

புறங்கைத் தகட்டை நாமே வார்க்க முடியுமா? தோட்டத்துப் பாலையே எடுத்தால் என்ன?

வார்க்கலாம். தோட்டத்துப் பால் வேண்டாம்.

ஆசை புரிகிறது. தாத்தா பாட்டி விடியலுக்கு முன் சீவிய மரத்தின் பாலில் நம் கவசம் செய்ய வேண்டும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் கட்டிவிடும். அமோனியா கலந்தால்தான் நிற்கும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைவிடப் பெரிய சிக்கல், கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து வெடிக்கும். ஒட்டுப்பால் உருண்டை வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

முன்பே பக்குவப்படுத்திய, 60 விழுக்காடு ரப்பர் உள்ள லேட்டக்ஸ் கைவினைப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். களிமண்ணில் தகட்டை வனைந்து, அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுங்கள். அச்சை நன்றாகக் காய விடுங்கள். பாலை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்திலிருந்து ரப்பர் தோல் கட்டிக்கொண்டே வரும். போதிய தடிமன் வந்ததும் மிச்சப் பாலைத் திருப்பி ஊற்றிவிடலாம்.

இங்கே பலரும் தடுக்கி விழுவது நிறத்தில்தான். ஊற்றும்போது பால் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். காயக் காய அது கண்ணாடிபோல் தெளிந்து, கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்துவிடும். ஊற்றுவதற்கு முன்பே தண்ணீரோடு கலக்கும் வெள்ளை நிறமியைக் கலக்க வேண்டும். காய்ந்த பிறகு மேலே சாதாரண பெயின்ட் அடித்தால் முதல் தடவை கையை மடக்கும்போதே வெடிக்கும். நிறம் கலந்த பாலும் காய்ந்தால் ஈரத்தில் இருந்ததைவிட ஒரு படி மங்கும், அதனால் ஒரு சின்னத் துண்டை வார்த்துக் கவசத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு முழுத் தகட்டையும் வார்த்துக்கொள்ளுங்கள்.

காயும்போது ரப்பர் சுருங்கும், அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்யுங்கள். எடுக்கும் முன் டால்கம் பவுடர் தூவுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. அமோனியா நெடி கண்ணை எரிக்கும், வீட்டுப் பின்புறம் காற்றோட்டத்தில் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கிட்டச் சேர்க்காதீர்கள்.

தகட்டைக் கையுறையில் எப்படி நிறுத்துவது?

செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவு காய விட்டு, பிறகு அழுத்துங்கள். ஒட்டும்போது கையுறை உங்கள் கையில் இருக்கட்டும், கையைப் பாதி மடக்கி முஷ்டிபோல் வையுங்கள். தட்டையாக வைத்து ஒட்டினால் கை மடங்கும்போது ஓரம் பிய்ந்து எழும். சூப்பர் குளூ விறைத்து உடையும், சுற்றிலும் வெண்படலம் படரும். கறுப்பு ரப்பரில் அது போகாது.

பித்தளைப் பொத்தானை லேட்டக்ஸில் பதிக்காதீர்கள். செம்பு கலந்த உலோகம் பட்டால் ரப்பர் பழுப்புக் கறை பிடித்துச் சீக்கிரம் அழியும்.

வியர்வை தாங்கவில்லை. உள்ளே பவுடர் போடலாமா?

மதிய வெயிலில், மூடிய கவசத்துக்குள், ரப்பர் கையுறையில் வியர்வை விரல் நுனியில் தேங்கி நிற்கும். உண்மைதான். அதற்கு மெல்லிய வெள்ளைப் பருத்தி உறைதான் வழி. மூன்று நான்கு ஜோடி கொண்டுபோய், இடைவேளைக்கு இடைவேளை மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை கையுறையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, கையைக் காற்றாட விடுங்கள். விரல் மரத்தாலோ தலை சுற்றினாலோ அத்தோடு நிறுத்திவிட்டுக் கவசத்தைக் கழற்றுங்கள்.

பவுடர் வேண்டாம் என்பேன். ரப்பரில் இருக்கும் புரதம் பவுடரில் ஒட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றும்போது காற்றில் பறக்கும். அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறையை 2017 ஜனவரியில் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது?

உங்களுக்கே அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் இயற்கை ரப்பர் கையுறையும் லேட்டக்ஸ் தகடும் இரண்டும் கூடாது. நியோப்ரீன் அல்லது நைட்ரைல் கையுறை, சிலிக்கோனிலோ மெல்லிய பிளாஸ்டிக்கிலோ செய்த தகடு போடுங்கள். சிலருக்கு ரப்பரைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமே ஒத்துக்கொள்ளாது. அது நைட்ரைலிலும் இருக்கலாம், எனவே மருத்துவரிடம் காட்டி எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை அல்லது சிறப்புக் குழந்தைகள் இல்லத்துக்குப் போவதாக இருந்தால், உங்களுக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் லேட்டக்ஸ் இல்லாத ஜோடியைப் போடுங்கள். பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தைகளுக்கும், பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கும் ரப்பர் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். திரைத் துல்லியம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று மேலே எழுதியதிலேயே தெரிந்திருக்கும். இந்த ஓர் இடத்தில் துல்லியத்தை விட்டுக்கொடுங்கள். போகும் முன் அங்கே பொறுப்பில் இருக்கும் தாதியிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கையுறையோடு கைப்பேசி தொட முடியுமா?

முடியாது. கூட ஒரு நண்பரை அழைத்துப் போங்கள். கைப்பேசி, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் அவர் தேவைப்படுவார். தலைக்கவசத்துக்குள் கீழே பார்ப்பதும் கடினம், குழந்தைகள் காலடியில் வந்து நிற்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஃபோம் கவசத்துக்கு, அயர்ன் மேன் மாதிரி விரல் வரை கவசம் வரும் வேடத்துக்கு?

அங்கே கையுறை அடித்தளம் மட்டும்தான். மெல்லிய, கையோடு ஒட்டும், உள்ளங்கையில் பூச்சு உள்ள வேலைக் கையுறை போதும். அதன் மேல் ஒவ்வொரு விரல் கணுவுக்கும் தனித்தனித் துண்டாக ஒட்டுங்கள். ஒரே நீளத் துண்டாக ஒட்டினால் விரல் மடங்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் எப்படி வைத்துக்கொள்வது?

ரப்பரை வெறும் தண்ணீரில், அல்லது ஒரு சொட்டு மென்மையான சோப்பில் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காய வையுங்கள். கொடியில் வெயிலில் போடாதீர்கள். தீப்பொறி தெறிக்கும் மின்மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை மயிர்க்கோடாக வெடிக்க வைக்கும். காய்ந்ததும் டால்கம் தூவி, மடிக்காமல், கறுப்புப் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். அடுத்த தடவை போடும் முன் அந்தத் தூளைத் துடைத்துவிடுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய் மட்டும். வாசலினும் பேபி ஆயிலும் கூடாது.

தோலுக்குக் காற்று வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். துணிப்பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்தினால் கையுறைப் பையைக் காரிலேயே விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகி, தகடு சரிந்து, சரிந்த இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.